தையல் மெஷின் சிக்கிக்கொண்டால்: ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்

"மெஷின் ஜாம் ஆகிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் பதிலுக்கு முதலில் கேட்க வேண்டியது, என்ன நடக்கிறது என்பதைத்தான். சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறதா? சக்கரம் சுற்றியும் ஊசி இறங்கவில்லையா? துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறதா? துணி ஒரே இடத்தில் நின்று குத்து வாங்குகிறதா? இவை நான்கும் வேறு வேறு கோளாறுகள், வைத்தியமும் வேறு. ஆனால் புதிதாகத் தைக்க ஆரம்பித்தவர்கள் நான்குக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் குமிழைப் பிடித்துத் திருகுவது. அது சரியாகாவிட்டால் அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூட்டில், அதாவது பாபின் கேஸில், இருக்கும் குட்டி ஸ்குரூவைத் திருகுவது. அதோடு, நூலை மறுபடி கோத்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் மெக்கானிக் வரைக்கும் போய்விடுகிறது.

வீட்டு மெஷின் சிக்கினால் பெரும்பாலும் குற்றவாளி நூல்தான், மெஷின் இல்லை. அதிலும் சிக்கு கீழே தெரிந்தால் தவறு மேலே நடந்திருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

இங்கே சொல்வது இரண்டு வகை மெஷின்களுக்குப் பொருந்தும். ஒன்று, உஷா, சிங்கர், மெரிட் என்று நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் கறுப்பு இரும்பு மெஷின். மிதித்து ஓட்டினாலும் சரி, பின்னால் மோட்டார் வைத்திருந்தாலும் சரி. இதில் பாபின் கேஸை இடது ஓரத்தில் அடியிலிருந்து போடுவோம். இன்னொன்று, ஜிக்ஜாக் போடும் வெள்ளை நிறக் கரண்ட் மெஷின். இதில் சிலவற்றுக்கு முன்பக்கம் கதவைத் திறந்து பாபின் கேஸ் போட வேண்டும். சிலவற்றில் பாபினை மேலிருந்து அப்படியே உள்ளே போடலாம், தனிக் கேஸ் கிடையாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு புது ஊசி, சின்ன ஸ்குரூடிரைவர், சின்னக் கத்தரி, புருவம் எடுக்கும் பிளக்கர், பழைய டூத்பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், ஒரு பழைய பருத்தித் துணித் துண்டு. அப்புறம் செல்போன். டார்ச் அடிக்கவும், எதைக் கழற்றுவதாக இருந்தாலும் கழற்றும் முன் போட்டோ எடுக்கவும் அது வேண்டும். மோட்டார் மெஷின் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். உள்ளே விரல் இருக்கும்போது குழந்தை பெடலை மிதித்தால் ஊசி விரலில் இறங்கும்.

சக்கரம் இறுகிவிட்டது, இம்மியும் அசையவில்லை

முதல் விதி, பலத்தைக் காட்டாதீர்கள். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முறுக்கினால் ஊசி வளையும், இல்லை அடியில் மேல் நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் கூர்முனை மழுங்கும். ஊசி பத்து இருபது ரூபாயோடு போகும். ஷட்டில் முனை போனால் மெஷின் ஒழுங்காகத் தைக்கவே தைக்காது.

துணி இன்னும் மெஷினில் மாட்டிக்கொண்டுதானே இருக்கிறது? அதையும் இழுக்காதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்குங்கள். ஊசி துணிக்குள் குத்தி நின்றிருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். அரை அங்குலம் இப்படி, அரை அங்குலம் அப்படி. பெரும்பாலும் நாலைந்து ஆட்டலில் இளகி ஊசி மேலே வந்துவிடும். வராவிட்டால் ஊசி ஸ்குரூவைத் தளர்த்தி, ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு, ஊசிக் கம்பியை மட்டும் மேலே கொண்டுபோங்கள். அப்புறம் துணியை ஒரு விரல்கடை தூக்கி, துணிக்கும் தகட்டுக்கும் நடுவே கத்தரி முனையை விட்டு, கொத்தாக இருக்கும் நூலை வெட்டுங்கள். துணி கையோடு வந்துவிடும். மிச்சம் இருப்பது உள்ளே சிக்கிய நூல் மட்டும்.

இப்போது பாபின் கேஸை எடுங்கள். கறுப்பு மெஷினில் ஊசிக்குக் கீழே உள்ள வழுக்குத் தகட்டை இடப்பக்கம் இழுத்தால் உள்ளே தெரியும். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தும் பார்க்கலாம். கேஸை எடுத்ததும் தெரிவதுதான் ஷட்டில், பிறை வடிவத்தில் கூர்முனையோடு இருக்கும். அதைச் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்கும் ஷட்டிலுக்கும் இடையே இருக்கும் மெல்லிய சந்துக்குள் நூல் நுழைந்துவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தடிமனான நூல்கூட வேண்டாம், ஒற்றை இழை போதும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கரால் பிடித்து இழுங்கள். வராவிட்டால் அந்தச் சந்தில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் போய் வேறு வேலை பாருங்கள். திரும்ப வந்து சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நூலை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

அதிலும் தீராவிட்டால்தான் ஷட்டிலைக் கழற்றுவது. முன்கதவு வகையில் வளையத்தின் இரு பக்கமும் சின்னக் கொக்கிகள் இருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளினால் வளையமும் ஷட்டிலும் கையோடு வரும். பழைய கறுப்பு மெஷின்கள் சிலவற்றில் கொக்கிக்குப் பதில் ஸ்குரூ. எதுவானாலும் முதலில் போட்டோ. பிறகு பிரஷால் துடைத்து, நூல் துணுக்கு, பஞ்சுத் தூசி எல்லாம் எடுத்துவிட்டு, ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திரும்ப மாட்டும்போது ஊசிக் கம்பியை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டு உள்ளே பாருங்கள். ஷட்டிலை ஓட்டும் அரைவட்டத் துண்டு ஒரு பாதியை அடைத்திருக்கும். ஷட்டில் மீதிப் பாதியில் உட்காரும், நடுவில் இருக்கும் முள் உங்களை நோக்கி நீட்டியிருக்கும். மாற்றி வைத்தால் வளையம் சமமாக உட்காராது, கொக்கியும் மூடாது. மூடாத கொக்கியை அழுத்தி மூட முயல வேண்டாம், எடுத்துத் திருப்பி வையுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு பெடலில் கால் வைக்காமல், கையாலேயே சக்கரத்தை நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும்.

மேலிருந்து பாபின் போடும் மெஷினில் இவ்வளவு வேலை இல்லை. ஊசியையும் ஃபுட்டையும் கழற்றி, ஊசித் தகட்டின் ஸ்குரூக்களை எடுத்தால், பாபின் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் கையோடு வரும். அடியில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும், துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது கிண்ணத்தில் இருக்கும் அடையாளப் புள்ளி தடுப்புக்கு நேராக வருகிறதா பாருங்கள். அந்தக் கிண்ணத்துக்கு எண்ணெய் வேண்டாம்.

எதனால் இப்படி ஆனது? மிதி மெஷின் என்றால் பத்தில் எட்டுத் தடவை பதில் ஒன்றே. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியிருக்கும். சக்கரத்தின் மேல்பக்கம் எப்போதும் உங்களை நோக்கி வர வேண்டும். பழகாத கால் மிதியை அழுத்தினால் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பின்னால் போன அரைச் சுற்றிலேயே நூல் ஷட்டிலுக்குப் பின்னால் இழுபட்டுச் சிக்கிவிடும். அதனால் வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் இழுத்துவிட்டு, அது கிளம்பிய பிறகு கால் அதைத் தொடர வேண்டும். தையல் வகுப்புகளில் முதலில் நூல் இல்லாமல், வெறும் பேப்பரில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். பேப்பரில் ஓட்டிப் பழகுவது எரிச்சலான வேலை. ஆனால் கால் பழகும் வரை நூலைக் கோக்காமல் இருப்பதே நல்லது.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி சும்மா நிற்கிறது

இது கோளாறே இல்லை. பாபினில் நூல் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டக் குமிழைத் தளர்த்தியிருப்பீர்கள், திரும்ப இறுக்க மறந்திருப்பீர்கள். சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குமிழை இறுக்குங்கள். கரண்ட் மெஷினில் நூல் சுற்றும் கம்பி வலப்பக்கம் தள்ளியபடியே இருக்கும், இடப்பக்கம் தள்ளிவிடுங்கள். குமிழை இறுக்கியும் வழுக்கினால் யாரோ அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் காதுள்ள வாஷரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். வாஷரை அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது

மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகத்தான் தெரியும். துணியைத் திருப்பினால் அடியில் புழுப் புழுவாக நூல் சுருண்டு கிடக்கும். இன்னும் பத்துத் தையல் போட்டால் மெஷினே நின்றுவிடும். பார்ப்பவர் எவரும் "அடி நூல்தான் லூஸ்" என்று நினைத்து பாபின் கேஸ் ஸ்குரூவுக்குக் கை கொண்டுபோவார்கள். அது தவறு.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். மேல் நூலுக்குச் சிவப்பு, பாபினுக்கு வெள்ளை. பழைய துணித் துண்டை இரண்டாக மடித்து ஒரு சாண் நீளம் தைத்துவிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுருண்டு கிடப்பது சிவப்பாகத்தான் இருக்கும், அதாவது மேல் நூல். வெள்ளை நூல் பாவம், நடுவில் நேர்க்கோடாகக் கிடக்கும்.

ஏன் அப்படி? ஊசி கீழே இறங்கி லேசாக ஏறும்போது மேல் நூல் ஒரு சின்ன வளையமாகத் தொங்கும். ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, பெரிதாக விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுவரும். ஒவ்வொரு தையலுக்கும் இப்படி இரண்டு மூன்று அங்குல நூல் கீழே போய்த் திரும்ப மேலே வர வேண்டும். மேலே இழுத்துக்கொள்வது மெஷின் தலையில் ஏறி இறங்குகிறதே அந்தக் கொக்கி, டேக்கப் லிவர். பிடித்து இறுக்குவது டென்ஷன் தட்டுகள். இரண்டில் எது வேலை செய்யாவிட்டாலும் கீழே போன நூல் கீழேயே தங்கிவிடும். அதுதான் அந்தக் கொத்து.

எனவே பார்க்க வேண்டியவை இவை, இதே வரிசையில்.

பிரஷர் ஃபுட் கீழே இறங்கியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம். தடிமனான துணி வைத்தால் ஃபுட் இறங்கியது போலவே தெரியும். ஃபுட் மேலே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் விரிந்திருக்கும், நூலை எதுவும் பிடிக்காது. பின்னால் இருக்கும் லிவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போயிருக்கிறதா? ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும். இறக்கி வைத்துக் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றின் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே போயிருக்காது, பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஊசியில் கோப்பதற்கு முன் நூல் முனையை இழுத்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருந்தால் தாராளமாக வர வேண்டும், ஃபுட்டை இறக்கினால் நல்ல பிடிப்போடு வர வேண்டும். இரண்டு நிலையிலும் தாராளமாக வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை. வெள்ளை மெஷின்களில் தட்டுகள் உள்ளே மறைந்திருப்பதால் இந்தச் சோதனை ரொம்பவே உதவும்.

டேக்கப் லிவரின் ஓட்டையில் நூல் இருக்கிறதா? இது தப்பிவிட்டால் மூன்றாவது நான்காவது தையலிலேயே அடியில் பந்து கட்டிவிடும். கோக்கும்போது சக்கரத்தைச் சுற்றி அந்த லிவரை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டுக் கோத்தால் தப்பாது.

மூன்றும் சரி, இன்னும் சுருள்கிறது என்றால் மேல் நூலை முழுக்க உருவிவிட்டு முதலிலிருந்து கோத்துவிடுங்கள். எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது சீக்கிரம் முடியும். அப்போதும் சரிவராவிட்டால் தட்டுகளுக்கு நடுவே பழைய நூல் துண்டு மாட்டியிருக்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு, ஒரு மெல்லிய துணி நாடாவை நடுவே விட்டுத் துடைத்தால் வந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகுதான் டென்ஷன் குமிழ். அதையும் அரை எண்ணுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம், பழைய துணியில் தைத்துப் பார்த்துத் திருப்புங்கள்.

இதற்கு நேர் எதிராக, துணியின் மேல்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம், அல்லது அடி நூலுக்குப் பிடிப்பே இல்லை. முன்னதற்குக் குமிழைத் தளர்த்துங்கள். பின்னதற்கு பாபின் கேஸை எடுத்து, அதன் நாக்குத் தகட்டுக்கு அடியில் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். விசிட்டிங் கார்டின் மூலையை உள்ளே விட்டு வழித்தால் ஒரு குட்டி உருண்டை வெளியே வரும். அந்த உருண்டைதான் தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாபினைக் கேஸில் போடும் பக்கமும் முக்கியம். தனிக் கேஸ் உள்ள மெஷினில், கேஸின் திறந்த பக்கத்தைப் பார்த்தபடி நூலை இழுத்தால் பாபின் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். மேலிருந்து போடும் மெஷினில் அதற்கு எதிர்ப்பக்கம். போட்ட பிறகு நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தக் குட்டி ஸ்குரூவை ஆயுளுக்கும் தொட வேண்டாம். சுண்டியும் இறங்காமல் நின்றால் இறுக்கம், மளமளவென்று இறங்கினால் தளர்வு. அப்போது மட்டும் கால் சுற்று.

தைக்க ஆரம்பித்த இடத்திலேயே துணி ஓட்டைக்குள் போய்விடுகிறது

ஷிஃபான், ஜார்ஜெட், சேலை முந்தானை, ஜாக்கெட் லைனிங், இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை. காரணம் இரண்டு. துணியின் விளிம்பிலேயே முதல் குத்தைப் போடுகிறோம், பிடிமானம் இல்லாத விளிம்பை ஊசி தன்னோடு கீழே கொண்டுபோய்விடுகிறது. இரண்டாவது, நூல் முனைகளைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறோம், ஷட்டில் அந்த முனைகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

மேல் நூல், அடி நூல் இரண்டையும் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து, ஃபுட்டுக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கம் விடுங்கள். அடி நூல் மேலே வரவில்லையா? மேல் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுங்கள், ஊசி அடி நூலைக் கொக்கி போட்டுக்கொண்டு வரும். இரண்டு முனையையும் இடது கையால் பிடித்தபடி முதல் நாலு தையலைப் போட்டுவிட்டு விட்டுவிடலாம். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளே தள்ளி ஆரம்பித்து, ரிவர்ஸில் விளிம்புக்கு வந்து, மறுபடி முன்னால் போங்கள். ரொம்ப மெல்லிய துணி என்றால் அடியில் ஒரு நியூஸ் பேப்பர் துண்டை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடுவது டெய்லர்கள் வழக்கம். கறுப்பு மெஷினில் இந்தத் தொல்லை குறைவுதான். அதன் ஊசித் தகட்டு ஓட்டை சின்ன வட்டம். ஜிக்ஜாக் மெஷினில் அது நீளமான பிளவு, மெல்லிய துணி எளிதில் உள்ளே போகும்.

துணி நகரவே இல்லை, ஒரே இடத்தில் குத்துகிறது

தையல் நீளத்தை மாற்றும் ஸ்டிச் ரெகுலேட்டர் 0-வில் நிற்கிறதா பாருங்கள். கறுப்பு மெஷினில் அந்த லிவரின் நடு நிலைதான் 0. கை பட்டால் அங்கே வந்து நிற்கும். அடுத்து, எம்பிராய்டரிக்காக, ஃபுட்டுக்கு அடியில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கி வைத்திருந்தால் ஏற்றிவிடுங்கள். கரண்ட் மெஷினில் ஏற்றிய பிறகு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால்தான் பற்கள் மேலே வரும். இரண்டும் இல்லாவிட்டால் பற்களுக்கு இடையே பஞ்சு அடைத்திருக்கும். ஃபிளானல், டர்க்கி டவல் தைத்தவர்கள் வீட்டு மெஷினில் தகட்டைக் கழற்றினால் கம்பளி போல உரித்தெடுக்கலாம்.

டக் டக் என்று சத்தம், அல்லது ஊசி முறிகிறது

சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். இரும்போடு இரும்பு இடிக்கிறது என்று அர்த்தம். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று ஓட்டினால் ஊசி முறிந்து முகத்தை நோக்கிக்கூடத் தெறிக்கலாம்.

முதலில் பாபின் கேஸ். உள்ளே தள்ளும்போது "கிளிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேஸிலிருந்து நீட்டியிருக்கும் கொம்பு மேல்பக்கம் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த கேஸ், முதல் தையலிலேயே ஊசி வரும் வழியில் நிற்கும்.

பிறகு ஊசி. வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும். நூல் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைந்து தட்டைப் பக்கமாக வெளியே வரும். ஜிக்ஜாக் மெஷினில் தட்டைப் பக்கம் பின்னால், நூல் முன்னாலிருந்து பின்னால். கறுப்பு மெஷினில் ஊசி பக்கவாட்டில் நிற்கும். ஊசிக்குச் சற்று மேலே கடைசியாக நூல் மாட்டும் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் பள்ளம் வர வேண்டும். ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. தொழிற்கூடங்களில் ஓடும் பவர் மெஷின் ஊசியின் தலை முழுக்க உருண்டையாக இருக்கும், தட்டைப் பக்கமே இருக்காது.

வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வையுங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நுனி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஊசிகளில் பல இந்தச் சோதனையில் தோற்கும்.

துணியைப் பின்னாலிருந்து இழுப்பதும் ஊசியை வளைக்கும். துணியை நகர்த்துவது பற்களின் வேலை, கை வழி மட்டும் காட்டினால் போதும். ஜீன்ஸ் அடி மடிப்பில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். ஜிக்ஜாக் மெஷினில் நேர்த்தையல் ஃபுட்டை மாட்டிக்கொண்டு ஜிக்ஜாக் வைத்தால் ஊசி ஃபுட்டின் மேலேயே இறங்கும். அது உடனே முறியும்.

முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் எடுத்து, பக்கத்தில் வைத்து முழு ஊசியாகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். நுனி மட்டும் காணவில்லை என்றால் அது ஷட்டில் பக்கம்தான் விழுந்திருக்கும். காந்தம் விட்டு எடுங்கள். எடுக்காமல் ஓட்ட வேண்டாம். குழந்தைத் துணி தைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் துணியின் மடிப்புகளுக்குள்ளும் தேடுங்கள்.

நூல் அறுகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது

இரண்டுக்கும் முதல் மருந்து புது ஊசி. மழுங்கிய ஊசியை யாரும் மாற்றுவதில்லை, முறிந்தால்தான் மாற்றுகிறார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், நுனியை நகத்தின் மேல் வைத்து இழுத்தால் கீறும்.

நம்பரையும் கவனியுங்கள். மெல்லிய பட்டு, வாயில் (voile) எனும் மெல்லிய துணிக்கு 11. சாதாரணக் காட்டன் ஜாக்கெட், சுடிதார், நைட்டிக்கு 14. ஜீன்ஸ், திரைச்சீலைக்கு 16 அல்லது 18. 14 என்பதையே உறையில் 90 என்றும் போட்டிருப்பார்கள். அது ஊசியின் தடிமன், 0.9 மில்லிமீட்டர். லெக்கிங்ஸ், டி-ஷர்ட் போல இழுபடும் துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி தனியாக விற்கிறது.

நூல் பழசாக இருந்தால் என்ன செய்தாலும் அறும். பரணில் கிடந்த அம்மாவின் நூல் டப்பாவிலிருந்து எடுத்ததா? ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் கையால் பட்டன் தைக்க வைத்துக்கொள்ளலாம். புது நூலும் ஒரே இடைவெளியில் அறுந்துகொண்டே இருந்தால் ஊசித் தகட்டின் ஓட்டை ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முறிந்த ஊசிகள் இடித்து அங்கே சொரசொரப்பு விழுந்திருக்கும். நைஸான எமரி பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும்.

ஓடுகிறது, ஆனால் கனமாக ஓடுகிறது

தேங்காய் எண்ணெய். கேட்டால் "கொஞ்சமாத்தான் விட்டேன்" என்பார்கள். கொஞ்சமோ நிறையவோ, அது நாளடைவில் பிசினாகிவிடும், குளிர் நாளில் உறைந்தும் போகும். சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது. தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டால் தண்ணீர் போல நிறமில்லாமல் ஒன்று கொடுப்பார்கள், அதுதான் வேண்டும்.

பிசினை எடுக்க, பழைய டெய்லர்கள் மண்ணெண்ணெய் விடுவார்கள். முழு இரும்பு மெஷினுக்கு அது சரியான வழிதான். மோட்டாரையும் பெல்ட்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே, அடுப்பு விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். எண்ணெய் ஓட்டைகளில் எல்லாம் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். பழுப்பாக வழியும். துடைத்துத் துடைத்து, வழிவது தெளிவாகும் வரை செய்துவிட்டு, முழுக்க உலர விட்டு, அதே ஓட்டைகளில் மெஷின் எண்ணெய் விடுங்கள். பிறகு பழைய துணியில் பத்து நிமிடம் தைத்து மிச்ச எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள வெள்ளை மெஷினுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்.

மிதித்தால் சக்கரம் வழுக்கினால் தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் இது சகஜம். அரை அங்குலம் வெட்டி, கிளிப்பைத் திரும்ப மாட்டினால் சரி. மோட்டார் முனகுகிறது, மெஷின் நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள். சிக்கை எடுக்காமல் இன்னும் அழுத்தினால் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடும்.

எப்போது மெக்கானிக்?

புது ஊசி, சரியான பக்கம், நூல் ஒழுங்காகக் கோத்தாயிற்று, ஆனாலும் ஊசி அடி நூலைப் பிடிக்கவே இல்லை. அப்போது டைமிங், அதாவது ஊசியும் ஷட்டில் முனையும் சந்திக்கும் நேரம், தவறிப் போயிருக்கலாம். உறுதி செய்துகொள்ள பாபின் கேஸை எடுத்துவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி அடிவரை இறங்கி, லேசாக இரண்டு மில்லிமீட்டர் அளவு ஏறும் நேரத்தில், ஷட்டிலின் கூர்முனை ஊசியை உரசாத குறையாக, காதுக்குச் சற்று மேலே கடக்க வேண்டும். முன்னாலேயே கடந்துவிட்டாலோ, பிந்தி வந்தாலோ, காதுக்குக் கீழே கடந்தாலோ டைமிங் விலகிவிட்டது. அதை நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம். ஒரு ஸ்குரூவைத் தளர்த்தினால் மூன்று விஷயம் நகரும். ஷட்டில் முனை மழுங்கியோ முறிந்தோ இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். ஷட்டில் தனியாகவே கிடைக்கும், மெஷினையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

கொண்டுபோகும்போது மெஷின் தலையை மட்டும் கொடுத்தால் போதாது. உங்கள் பாபின் கேஸ், இரண்டு பாபின், நீங்கள் போட்ட ஊசி, நூல், சிவப்பும் வெள்ளையுமாகத் தைத்துப் பார்த்த அந்தத் துணித் துண்டு, எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய பாபின் கேஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்து உங்கள் கேஸைப் போட்டதும் பழையபடி சிக்கும்.